குழந்தை நலப் பாடம்: சளி இருக்கும்போது ஊசி போடலாமா?



உங்கள் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "குழந்தைகளுக்கான தடுப்பூசியை அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது. அப்படியிருக்க, உங்கள் கிராமப் பணிக் கணக்கில் தடுப்பூசிச் செலவு என்று ஏன் எழுதுகிறீர்கள்?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். காணிக்கை கொடுக்கிறவர்கள் கணக்குக் கேட்பதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. ஒரே வரியில் பதில் எழுதிவிடவும் முடியும்: மருந்து இலவசம், குழந்தையை மருந்திடம் கொண்டுவந்து சேர்ப்பதற்குத்தான் செலவு. ஆனால் அந்த ஒரு வரியை நாங்கள் கற்றுக்கொண்ட விதத்தைச் சொன்னால்தான் உங்களுக்கும் விளங்கும். ஆகவே இந்த இதழின் பாடத்தை அதிலிருந்தே தொடங்குகிறோம். வீட்டில் கைக்குழந்தைகளும் பேரப்பிள்ளைகளும் உள்ளவர்கள் இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

1997-ஆம் ஆண்டு. எங்கள் மருத்துவமனை மலையடிவாரத்தில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்நாட்களில் மேலேயுள்ள ஊர்களிலிருந்து வரும் தாய்மார்கள் விடியுமுன் புறப்பட்டு, பாதி தூரம் நடந்து, பாதி தூரம் பஸ்ஸில் வந்து சேரப் பத்து மணியாகிவிடும். ஒரு புதன்கிழமை, ஒன்பது மாதம் முடிந்த ஒரு பெண் குழந்தையைத் தட்டம்மை ஊசிக்காகத் தாய் கொண்டுவந்திருந்தாள். குழந்தைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. உடம்பும் லேசாகச் சுட்டது. எங்கள் நர்ஸ், அனுபவமுள்ள நல்ல நர்ஸ், தொட்டுப் பார்த்துவிட்டு, "சளி இருக்கு. சளி போன பிறகு கொண்டு வாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. டாக்டர்களாகிய நாங்களும் அன்று அப்படித்தான் சொல்லிவந்தோம்.

சளி நாலைந்து நாளில் போயிருக்கும். அதற்குள் மேஸ்திரி வந்து அட்வான்ஸ் கொடுத்து, குடும்பத்தையே கரும்பு வெட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். ஐந்து மாதம் கழித்து அவர்கள் ஊர் திரும்பியபோது குழந்தைக்கு உடம்பெல்லாம் மணல்வாரி. அம்மை கண்ட பிள்ளையை வாசற்படி தாண்டித் தூக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னதால் வீட்டிலேயே வைத்திருந்து, மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் எங்களிடம் கொண்டுவந்தார்கள். நிமோனியாவிலிருந்து குழந்தையைக் காப்பாற்ற முடிந்தது. இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. ஏற்கெனவே வைட்டமின் ஏ குறைந்திருந்த உடம்பில் தட்டம்மை வந்ததால் கருவிழி வெந்து வெளுத்துவிட்டிருந்தது.

அந்தத் தாய் எங்களிடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று எங்களுக்குத் தோன்றியது. "சளி போனப்புறம் கூட்டியாரச் சொன்னீங்க சிஸ்டர். சளி போனப்ப நாங்க ஊர்ல இல்லையே" என்று மட்டும் சொன்னாள்.

அன்று ஊசி மருந்து எங்கள் ஐஸ் பெட்டியில் தயாராக இருந்தது. குழந்தையும் எதிரில் இருந்தது. நடுவில் நின்றது எங்கள் வாய்ச்சொல் ஒன்றுதான்.

எப்போது தள்ளிப்போட வேண்டும்?

சாதாரண சளி, இருமல், லேசான காய்ச்சல், இரண்டு மூன்று முறை பேதி, தோலில் சிரங்கு, பல் முளைக்கும் தொந்தரவு இவை எதற்காகவும் தடுப்பூசியைத் தள்ளிப்போடக்கூடாது. குழந்தை மெலிந்திருக்கிறது, குறைமாதத்தில் பிறந்தது என்பதும் காரணம் ஆகாது. மெலிந்த பிள்ளைக்குத்தான் ஊசி அதிகம் தேவை. குறைமாதக் குழந்தைக்கும் பிறந்த தேதியிலிருந்து கணக்குப் போட்டே ஊசி போட வேண்டும். அன்டிபயாடிக் மருந்து குடித்துக்கொண்டிருந்தாலும், தாய்ப்பால் குடித்துவிட்டு வந்திருந்தாலும் தடையில்லை.

தள்ளிப்போட வேண்டியது, குழந்தை ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு நோயுற்றிருக்கும்போதுதான். தேறியதும், வீட்டுக்கு அனுப்பும் முன்பே போட்டுவிடுகிறோம். முன்பு போட்ட அதே ஊசிக்குச் சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறி, மயங்கிய குழந்தைக்கு அந்த ஊசியை மறுபடி போடக்கூடாது. கக்குவான் இருமல் மருந்து சேர்ந்த ஊசிக்குப் பின் ஒரு வாரத்துக்குள் மூளை பாதிப்பு வந்திருந்தாலும் அந்த மருந்தைத் தொடரக்கூடாது. பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தைகளுக்கும், புற்றுநோய் மருந்து எடுக்கும் குழந்தைகளுக்கும் பி.சி.ஜி., தட்டம்மை போன்ற உயிருள்ள கிருமி மருந்துகளைக் கொடுப்பதற்கு முன் டாக்டரைக் கேட்க வேண்டும். இப்படிப்பட்ட குழந்தைகளை நாங்கள் மிக அபூர்வமாகத்தான் பார்க்கிறோம். மூக்கு ஒழுகும் குழந்தைகளை ஒவ்வொரு புதன்கிழமையும் பார்க்கிறோம்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. "ஒரு தவணை தவறிவிட்டது, இனி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாமே" என்று பயந்து வராமலே இருந்துவிடும் தாய்மார்கள் பலர். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதே இல்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும்.

தவணைகளை ஒருமுறை நினைவுபடுத்துகிறோம். பிறந்தவுடன் பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் காமாலை பி ஊசி. 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி, போலியோ சொட்டு மருந்து, ரோட்டா சொட்டு மருந்து. 6-வது, 14-வது வாரங்களில் இவற்றோடு நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் ஊசியும் போலியோ ஊசியும் உண்டு. 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை - ரூபெல்லா ஊசி. நியூமோகாக்கல், போலியோ ஊசிகளின் அடுத்த தவணையும் அப்போதே. தட்டம்மை - ரூபெல்லாவின் இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதத்துக்குள், முத்தடுப்பு ஊசியின் ஊக்கத் தவணையோடு. பிறகு 5 வயதுக்கு மேல் ஒன்று, 10, 16 வயதுகளில் ஒவ்வொன்று. 1997-இல் எங்களிடம் இருந்த பட்டியல் இதில் பாதிகூட இல்லை. பென்டாவேலன்ட் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் முதலில் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது. ரோட்டா 2017-இல் தமிழ்நாட்டுக்கு வந்தது, நியூமோகாக்கல் 2021-இல் வந்தது.

தட்டம்மை ஊசியை ஏன் ஒன்பது மாதம் வரை நிறுத்தி வைக்கிறோம் என்று கேட்பார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி அதற்கு முன் குழந்தையின் இரத்தத்தில் மிச்சமிருந்து, ஊசி மருந்தையே அழித்துவிடும். ஒன்பதாம் மாதத்தில் போட்டாலும் நூறு குழந்தைகளில் சுமார் 85 பேருக்குத்தான் பிடிக்கும். மீதிப் பிள்ளைகளுக்காகத்தான் இரண்டாம் தவணை. அதை "சும்மா இன்னொரு ஊசி" என்று விட்டுவிடுகிறவர்கள் படித்தவர்களிலும் உண்டு.

ஊசி போட்ட அன்று இரவு

ஆறாவது வாரம் ஊசி போட்டுக்கொண்டு போன தாய் பத்தாவது வாரம் வராமல் போவதற்குப் பெரிய காரணம் அந்த முதல் இரவுதான். நன்றாக விளையாடிய பிள்ளை ஊசி போட்டு வந்த மாலையில் அழத் தொடங்குகிறது. தொடை வீங்குகிறது. உடம்பு கொதிக்கிறது. "நல்லா இருந்த பிள்ளையைக் கொண்டுபோய்க் கெடுத்துட்டு வந்துட்டியே" என்று மாமியார் சொல்கிறார். கணவரும் தூக்கமில்லாமல் எரிச்சலாகிறார். அந்தப் பெண் மறுபடி எப்படி வருவாள்?

ஊசி போடும் முன்பே, போட்ட பிறகு அல்ல, இதைச் சொல்லிவிட வேண்டும் என்று எங்கள் ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். "இன்னிக்கு ராத்திரி காய்ச்சல் வரும், நாளைக்கு விட்டுடும். உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் தயார் பண்ணுதுன்னு அர்த்தம்" என்று முன்கூட்டிச் சொல்லப்பட்ட தாய் அந்த இரவைத் தாங்கிக்கொள்கிறாள். சொல்லப்படாதவள் பயந்துவிடுகிறாள். முடிந்தால் மாமியாரையும் கூடவே வரச் சொல்கிறோம். ஆயாவிடம் ஐந்து நிமிடம் பேசினால் தாயிடம் ஐம்பது நிமிடம் பேச வேண்டியதில்லை.

வீங்கிய இடத்தில் சுத்தமான ஈரத்துணி வைக்கலாம். தேய்க்கக்கூடாது, மஞ்சளோ சுண்ணாம்போ பூசக்கூடாது. பி.சி.ஜி. போட்ட இடது தோளில் சில வாரம் கழித்துச் சிறு கொப்புளம் வந்து, உடைந்து, தழும்பாகும். அது அப்படித்தான் ஆக வேண்டும், மருந்து போட வேண்டாம். தட்டம்மை ஊசிக்கு அன்றைக்கே காய்ச்சல் வராது. ஒரு வாரம் முதல் பன்னிரண்டு நாளுக்குள் லேசான காய்ச்சலும் சிறு தடிப்பும் சிலருக்கு வரும், தானே மறையும்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. இந்த மருந்து கடையில் பல பலத்தில் கிடைக்கிறது. சாதாரண சிரப்பில் 5 மில்லியில் 125 மில்லிகிராம் இருக்கும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்புக்குச் சொன்ன இரண்டரை மில்லி அளவைச் சொட்டு மருந்தில் ஊற்றிக் கொடுத்தால் நாலு மடங்கு மருந்து உள்ளே போய்விடும். ஆகவே பாட்டிலைக் கையோடு கொண்டுவந்து காட்டி, குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லி என்று கேட்டு, பாட்டில் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஆகாது.

காய்ச்சலில் வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பது நம் ஊர் வழக்கம். அதனால் நன்மையில்லை. குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், ஊற்றாதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் வண்டி ஏற்பாடு செய்யுங்கள். நின்றுவிட்டாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

சளியும் இருமலும்

சளிக்குப் பயந்துதானே ஊசி தள்ளிப்போகிறது? அந்தச் சளியைப் பற்றித் தெளிவு இருந்தால் பாதிப் பயம் போய்விடும். சிறு குழந்தைக்கு வருடத்தில் ஐந்தாறு முறை சளி பிடிப்பது இயற்கை. அதற்கு மருந்து தேவைப்படுவது அபூர்வம். தாய்ப்பால், மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு, பெரிய குழந்தைக்கு வெந்நீர் இவை போதும். தேன் ஒரு வயதுக்குக் கீழே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் நரம்புகளைத் தளரச் செய்யும். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது பல வீடுகளில் இன்னும் நடக்கிறது. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி, எந்த அன்டிபயாடிக்கும் கேட்காத நிமோனியாவை உண்டாக்குவதை நாங்கள் எக்ஸ்ரேயில் பார்த்திருக்கிறோம். தெருவில் சங்கில் ஊற்றி விற்கும் கழுதைப்பாலைப் பற்றியும் கேட்கிறீர்கள். காய்ச்சாத பால் எந்த மிருகத்தினுடையதானாலும் கைக்குழந்தைக்கு வேண்டாம்.

இருமல் சிரப்பைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் கலந்த இருமல் சிரப்பைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்தச் சிரப் தயாரானது நம் தமிழ்நாட்டில்தான். இரண்டு வயதுக்குக் கீழே சளி இருமல் மருந்தே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய அரசின் சுகாதாரத் துறையும் அப்போது அறிவுறுத்தியது. நல்ல சிரப்பானாலும் நோய் ஒரு நாள் முன்னதாகக் குணமாவதில்லை.

எந்தச் சளி ஆபத்தானது? இதை அறிய ஸ்டெதஸ்கோப் வேண்டாம், கைக்கடிகாரம் போதும். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வெறும் சளியல்ல, நிமோனியாவாக இருக்கலாம். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்ளே குழிந்தால் இரவானாலும் புறப்பட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களுக்கு எங்கள் ஊழியர்கள் நூலில் கோர்த்த மணிகளைக் கொடுத்து எண்ணப் பழக்குகிறார்கள். மூச்சுக்கு ஒரு மணியாக நகர்த்த வேண்டும், சிவப்பு மணி வந்துவிட்டால் கிளம்ப வேண்டும்.

சளியானாலும் காய்ச்சலானாலும் பேதியானாலும், பால் குடிக்கவே முடியாத குழந்தை, குடித்ததையெல்லாம் வாந்தியெடுக்கும் குழந்தை, வலிப்பு வந்த குழந்தை, எழுப்பினாலும் துவண்டு கிடக்கும் குழந்தை, இந்த நாலு பேருக்கும் வீட்டு வைத்தியம் கிடையாது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு, தடுப்பூசி போட்ட இரவைத் தவிர வேறெப்போது காய்ச்சல் வந்தாலும் அன்றே காட்ட வேண்டும்.

பேதி

"தண்ணி குடுத்தா இன்னும் போகும்" என்று சொல்லி, பேதியாகும் பிள்ளைக்குத் தண்ணீரை நிறுத்துவது நம்மிடையே வேரூன்றிய பழக்கம். பார்ப்பதற்கு அது நியாயமாகவும் தெரிகிறது. ஆனால் பேதி குழந்தையைக் கொல்வது நீரையும் உப்பையும் வற்றவைத்துத்தான். உச்சிக்குழி அமுங்கி, கண் குழிவிழுந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் திரும்பும். இந்த நிலையில் "குடல் தட்டிக்கிச்சு", "தொக்கம் விழுந்திருக்கு" என்று அதை எடுக்கிறவரிடம் கொண்டுபோய் அரை நாள் கழித்துவிட்டு வருகிறார்கள். அந்த அரை நாள்தான் எங்களுக்குக் கிடைக்காமல் போகிற நேரம்.

வெறும் தண்ணீரை விட உப்பு சர்க்கரைக் கரைசல் ஏன் நல்லது? பேதியால் புண்பட்ட குடலும் சர்க்கரையை மட்டும் உள்ளே விடும். சர்க்கரை போகும்போது உப்பைக் கைபிடித்து அழைத்துப் போகும். உப்பு போன இடத்துக்குத் தண்ணீர் பின்னாலேயே போகும். இந்த எளிய உண்மையின் பலம் 1971-இல் வங்காளத்தில் வெளிப்பட்டது. பங்களாதேஷ் போரினால் பன்காவ் அகதி முகாமில் குவிந்த மக்களிடையே காலரா பரவி, நரம்பு வழி ஏற்றும் பாட்டில்கள் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் டிரம்களில் இந்தக் கரைசலைக் கலந்து வைத்து, உறவினர்களையே டம்ளரில் முகந்து கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது வரை போய்க்கொண்டிருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் இலவசம். பெரிய பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், கண்ணளவுத் தண்ணீர் என்ற கணக்கெல்லாம் ஆபத்து. கரைத்ததை 24 மணி நேரம் வைத்திருக்கலாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை வெளிக்குப் போன பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்டவர்களுக்கு 100 முதல் 200 மில்லி, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி தொடங்குங்கள். பொட்டலம் இல்லாத ஊரில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு, டீ ஸ்பூனால் தலை தட்டி. ஆயாக்கள் செய்யும் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் மிக நல்லது. இதை ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கூடவே துத்தநாக மாத்திரை, ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதக் குழந்தைக்குப் பாதி, பேதி நின்றாலும் 14 நாள் முழுவதும். மலத்தில் இரத்தம் போனால் டாக்டரைப் பாருங்கள்.

நகரத்து நண்பர்களுக்கு ஒன்று. பழச்சுவையுடன் காகிதப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்கிக் கொடுத்தவர்கள் நிறையப் பேர். அதிகச் சர்க்கரை பேதியைக் கூட்டும். சரியான கலவை இல்லாத பானங்களின் மேல் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்தே இருக்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. இருந்தாலும் வாங்கும்போது படித்துப் பாருங்கள்.

ரோட்டா சொட்டு மருந்து கொடுத்த பிறகும் பேதி வருகிறதே என்று கேட்கும் தாய்மார்களிடம் நாங்கள் மழுப்புவதில்லை. இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்ட இந்த மருந்தை டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தபோது, முதல் வயதில் ரோட்டா கிருமியால் வரும் கடும் பேதியில் பாதிக்குச் சற்று மேல் தடுத்தது. மற்றக் கிருமிகளின் பேதியை அது தடுக்காது. உள்ளதைச் சொன்னால் நம்புகிறார்கள். எல்லாம் தடுக்கும் என்று சொல்லி வைத்தால் அடுத்த பேதியோடு எல்லா ஊசியின் மேலும் உள்ள நம்பிக்கை போய்விடும்.

அம்மை

தட்டம்மை எளிதில் பரவும் நோய்களில் முதன்மையானது. ஊசி போடாதவர்கள் அருகில் இருந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு ஒட்டிக்கொள்ளும். வீட்டில் வேப்பிலை கட்டுவதையும், பிள்ளையைத் தனியே படுக்க வைப்பதையும் நாங்கள் தடுப்பதில்லை. தனியே வைப்பது நல்லதுதான். ஆனால் அம்மை கண்ட பிள்ளைக்கும் சாப்பாடு வேண்டும், தண்ணீர் வேண்டும், வைட்டமின் ஏ வேண்டும். ஒரு வயதுக்கு மேல் 2 லட்சம் யூனிட், ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை 1 லட்சம், அடுத்தடுத்து இரண்டு நாள், டாக்டரோ நர்ஸோ கொடுக்க வேண்டும். அந்தப் பெண் குழந்தைக்கு அம்மை கண்ட முதல் நாளே இந்த இரண்டு ஸ்பூன் மருந்து கிடைத்திருந்தால் கண் தப்பியிருக்கலாம். அம்மை இறங்கிய பிறகும் சில மாதங்களுக்கு உடம்பு மற்ற நோய்களுக்கு எளிதில் இடம் கொடுக்கும். அப்போதுதான் கவனம் அதிகம் வேண்டும்.

நோய் கண்ணில் படாமல் போகப் போக ஊசியின் மேல் சந்தேகம் வளர்கிறது. எங்கள் பழைய வார்டுகளில் இளம்பிள்ளை வாதம் வந்து கால் சூம்பிய குழந்தைகள் இல்லாத நாள் இருந்ததில்லை. 1995 டிசம்பரில் நாடு முழுவதும் போலியோ சொட்டு மருந்து முகாம் தொடங்கியது. 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்ட ஒரு குழந்தையோடு இந்தியாவில் இயற்கைப் போலியோ முடிந்தது. இன்றைய இளம் தாய்க்கு அந்தக் கால்களைத் தெரியாது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை - ரூபெல்லா முகாம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் வதந்தி பரவி, பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பாமல் நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு. அவர்களைப் படிக்காதவர்கள் என்று சொல்ல முடியாது.

கணக்கு

முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறோம். உங்கள் பணத்தில் ஊசி மருந்து வாங்குவதில்லை. ஜீப்பின் டீசலுக்கும், இரண்டு ஊழியர்களின் சம்பளத்துக்கும், மணிமாலைக்கும், அட்டைகளுக்கும், தூரத்திலிருந்து வரும் தாய்மார்களுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் போகிறது. ஐஸ் பெட்டிக்கும் ஓரளவு போகிறது. மருந்துகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். வெப்பம் கெடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பென்டாவேலன்ட் போன்றவை உறைந்தாலும் கெட்டுவிடும் என்பது எங்கள் டிரைவருக்கே முதலில் நம்ப முடியவில்லை. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை உடனே பெட்டியில் வைக்கக்கூடாது. வெளியே வைத்து, காதருகே ஆட்டிப் பார்த்து, உள்ளே தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் வைக்க வேண்டும். இப்போது புதன்கிழமை விடியற்காலையில் அதை ஆட்டிக்கொண்டு நிற்பது அவர் வேலை.

கண் போன குழந்தையின் தாய் இரண்டு வருடம் கழித்து அடுத்த பிள்ளையைக் கொண்டுவந்தாள். அன்றைக்கும் மூக்கு ஒழுகியது. உள்ளே வராமல் கதவருகே நின்று, "சளி இருக்கு சிஸ்டர், போடுவீங்களா?" என்று கேட்டாள். போட்டோம். அதே நர்ஸ்தான் போட்டார்.

ஊரைவிட்டு வேலைக்குப் போகும் குடும்பங்களுக்குத் தனி நோட்டு ஒன்று வைத்திருக்கிறோம். எந்த மேஸ்திரி, எந்த மாதம், எந்தப் பக்கம் என்று அதில் எழுதுகிறோம். போகும் முன் விட்ட தவணைகளைப் போட்டு, தாய் சேய் நல அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் வைத்துக் கொடுத்து, "எந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியிலும் இதைக் காட்டினால் மிச்சத்தைப் போடுவார்கள்" என்று சொல்லி அனுப்புகிறோம். பொங்கல் கழிந்ததும் மேஸ்திரிகள் மலைக்கு வரத் தொடங்குவார்கள். அதற்கு முந்திய மூன்று புதன்கிழமைகளிலும் ஜீப் இரண்டு நடை மேலே போக வேண்டியிருக்கும்.